வைக்கோல்காரன் வீட்டுப் பச்சை

அந்த வருஷம் நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ நெல் அறுப்பும் மழையும் ஒன்றாக வந்தன. அறுப்பு இயந்திரம் துப்பிப்போட்ட வைக்கோல் பன்னிரண்டு நாள் வயலிலேயே நனைந்து கிடந்தது. அதை அரைகுறையாகக் காயவைத்து, உருளையாகக் கட்டி, பிச்சைக்கனியின் மினி லாரியில் ஏற்றிவிட்டார்கள். களியக்காவிளை தாண்டி, பாலராமபுரம் தாண்டி, வெங்ஙானூர் ஏற்றத்தில் அவர் வீட்டு முன்னால் வண்டி வந்து நின்றபோது, புளித்த நாற்றம் வண்டிக்கு முன்னாலேயே இறங்கி வந்துவிட்டது.

அவர் மனைவி முத்தாரம்மாள் ஒரு கட்டை அவிழ்த்தாள். உள்ளே கறுப்பும் சாம்பலுமாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. நல்லதாகத் தெரிந்த இடத்தில் ஒரு கை அள்ளித் தொழுவத்தில் பசு அம்மிணி முன்னால் போட்டாள். அம்மிணி மோந்து பார்த்தது. ஒரு சீறு சீறிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“மாட்டுக்குத் தெரியுது இது எருவுன்னு,” என்றாள் முத்தாரம்மாள். “நீங்க இத வைக்கோலுன்னு ஏத்திட்டு வந்திருக்கிய.”

“வேற கெடச்சாத்தானட்டி ஏத்துவேன்? தோவாளையில இருந்து பூதப்பாண்டி வரைக்கும் அலஞ்சாச்சு. உள்ளதுல இது கொள்ளாம்னு தோணுச்சு.”

“எது கொள்ளாம்? இதா? நீங்க ஒரு வாய் தின்னு காட்டுங்க, பொறவு அதுக்குப் போடுதேன்.”

பிச்சைக்கனி லாரியின் கயிறைச் சுருட்டினார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. உடன்குடிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் சாலை என்கிற கடைத்தெருவுக்கு மூட்டை தூக்க வந்தவர். முதுகு முரண்டு பிடிக்க ஆரம்பித்தபோது வைக்கோல் வியாபாரத்துக்கு மாறினார். கரமனை, மணக்காடு, ஆற்றுகால் பக்கம் ஒன்றிரண்டு மாடு வைத்துக் கறக்கிற வீடுகளுக்கெல்லாம் அவர்தான் வைக்கோல் கொண்டுபோய்ப் போடுவது. அந்த ஊர் மலையாளத்தில் வைக்கோலுக்குக் கச்சி என்று பேர். அதனால் அவர் கச்சி அண்ணாச்சி. அந்தப் பேரில் அவருக்குப் பெருமைதான். லாரி முகப்பிலேயே அதை எழுதிவைத்திருந்தார்.

மாடுகள் முத்தாரம்மாளின் பாடு. மூன்று உருப்படி. அம்மிணி, நேமத்தில் ஒரு நாயர் வீட்டிலிருந்து வாங்கின மாடு. மலையாளத்தில் அதட்டினால்தான் நகரும். அதன்மேல் பிச்சைக்கனிக்குத் தனிப் பிரியம். பிறகு ஒரு கிடேரிக் கன்று. மூன்றாவது செவலை. இந்தச் செவலைதான் அப்போது வீட்டில் பெரிய கவலையாக இருந்தது. மூன்று தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை.

நான்காம் தடவைக்கு மாட்டு டாக்டர் ரெம்யா வந்தார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, கையுறையை மாட்டாமல் முதலில் தீவனத் தொட்டியைப் பார்த்தார். கறுத்த வைக்கோலை விரலால் கிளறினார்.

“சேச்சி, இனி ஊசி வேஸ்டாணு,” என்றார். அவர் தமிழ் பாதி, மலையாளம் பாதி. “இந்தப் பசுவுக்கு அசுகம் ஒண்ணும் இல்ல. பட்டினி. வயிறு நிறையுது, உடம்புக்குக் கிட்டல்ல. வெறும் கச்சி, கொஞ்சம் தவிடு. பச்சை எங்கே?”

“பச்சைக்கு எங்க போக டாக்டரே? கீழ வயலெல்லாம் வீடாயிட்டு. இந்தக் குன்றுல மார்கழிக்கு மேல அருகம்புல் கூட நிக்காது.”

“புல்லு மாத்திரம் போதாது. புல்லும் வேணும், பயறும் வேணும். ரெண்டும் சேர்ந்து. நம்ம சோறும் பருப்பும் திங்குற மாதிரி.”

பிச்சைக்கனி குறுக்கே வந்தார். “டாக்டரே, சித்திரைக்குள்ள இது செனை பிடிக்கல்லேன்னா நான் கைமாத்தி விட்டுருவேன். ஆளு வந்து கேட்டுட்டுப் போயிருக்கான்.”

கேட்டுவிட்டுப் போன ஆள் கறவைக்கு மாடு வாங்குகிறவன் இல்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். முத்தாரம்மாள் செவலையின் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலமே அவள் சுஜினைப் பார்க்கப் போனாள்.

சுஜின் விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற பையன். வெங்ஙானூர் குன்றின் தென்சரிவில் அவனுக்கு அறுபது சென்ட் பூமி இருந்தது. அவன் அப்பா காலத்தில் ரோட்டுக்கு மண் வெட்டிக்கொண்டு போன இடம். மேல்மண் போய்ச் சிவப்புச் சரளை மட்டும் மிச்சம். நடுவில் ஒரு பள்ளம். மழைத்தண்ணீர் தை வரைக்கும் அதில் நிற்கும். மற்றபடி கம்யூனிஸ்டுப் பச்சை என்கிற களைச்செடியும் பாம்பும்.

“அதிலயா? சேச்சி, அதுல கள்ளிகூட வராது,” என்று சிரித்தான் சுஜின்.

“வருமா வராதான்னு நான் பாத்துக்கிடுதேன். நீ செரின்னு சொல்லு.”

“எனக்கென்ன? பாம்பு போனா மதி, அது போதும்.”

செய்தி பிச்சைக்கனிக்கு எட்டியபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மரவள்ளிக்கிழங்கு அவித்ததும் நெத்திலிக் குழம்பும். கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

“ஏட்டி, உனக்குக் கிறுக்கா? வைக்கோல்காரன் பொண்டாட்டி புல்லு போடுதான்னு கரமனை பூரா சிரிக்கும். மிட்டாய்க் கடைக்காரன் தன் பிள்ளைக்கு மிட்டாய் ஆகாதுன்னு சொன்னா எவன் வாங்குவான்?”

“ஆகாதுன்னு நான் சொல்லல்லியே. வைக்கோலோட பச்சையும் வேணும்னுதான் டாக்டர் சொல்லுதா.”

“டாக்டருக்கு என்ன, சம்பளம். நமக்கு வைக்கோல்தான் சோறு.”

“உங்க சோறு இருக்கட்டும். செவலைக்குச் சோறு?”

அவர் கிழங்கை வாயில் போட்டுக்கொண்டார்.

விதை கோவில்பட்டியிலிருந்து வந்தது. முத்தாரம்மாளின் தம்பி திரவியம் அங்கே ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறான். வெட்ட வெட்டத் தழைக்கிற தீவனச் சோளம், தட்டப்பயறு, வேலிமசால், கொழுக்கட்டைப்புல் எல்லாம் நான்கு பையில் கட்டிப் பஸ்ஸில் போட்டுவிட்டான். மகள் ஸ்ரீப்ரியா அதைத் தம்பானூர் பஸ் நிலையத்தில் வாங்கிக்கொண்டு வந்தாள். அவள் அங்கே ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தாள்.

“எல்லாரும் என்னையே பார்த்தாங்கம்மா. பையில ஓட்டை. நடக்கிற வழியெல்லாம் பயறு. புறா என் பின்னாலேயே வருது.”

வேலிமசால் விதை கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. ஆனால் தோல் கல். வெந்நீரில் போட்டு எடுத்தால்தான் முளைக்கும் என்று திரவியம் போனில் சொல்லியிருந்தான். முத்தாரம்மாள் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி, கொதி அடங்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்து, விதையைத் துணியில் முடிந்து உள்ளே விட்டாள். ஸ்ரீப்ரியா மொபைலைப் பார்த்து நிமிஷம் எண்ணினாள். பிச்சைக்கனி வாசலில் நின்று எட்டிப்பார்த்தார்.

“என்ன, சாம்பாரா? பெருங்காயம் போட்டியா?”

“போட்டாச்சு. உங்களுக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைக்கட்டா?”

“அவிச்ச வெதய வெதைக்குத மொத ஆளு நீதாம்ட்டி.”

ஸ்ரீப்ரியா சிரித்துவிட்டாள். முத்தாரம்மாளும் சிரித்தாள். அந்த அளவில் எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழை பிடிக்கிறதுக்கு நான்கு நாள் முன்னால் விதைப்பு முடிந்தது. சரளையைக் கொத்தினால் மண்வெட்டி துள்ளித் திரும்பும். அதனால் ஆழமாகக் கொத்தவில்லை. சரிவுக்குக் குறுக்கே சின்னச் சின்ன வரப்பு போட்டு, தொழுஎருவை அதில் கொட்டினாள். மூன்று வரி சோளம், ஒரு வரி பயறு, மறுபடி மூன்று வரி சோளம். சுற்றிலும் வேலி மாதிரி வேலிமசால். ஒன்றுக்கும் ஆகாத கல்லுச் சரிவில் கொழுக்கட்டைப்புல். ஒன்பது நாள் வேலை. ஸ்ரீப்ரியாவின் இரண்டு விடுமுறையும் அதில் போயிற்று. பிச்சைக்கனி ஒரு நாள்கூட அந்தப் பக்கம் வரவில்லை. ஆனால் எருவை ஏற்றிக்கொண்டு போக லாரிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். அவள் கூப்பிட்டு விடாமலே பக்கத்து வீட்டு டிரைவர் வந்து நின்றான்.

மழை வந்தது. ஐந்தாம் நாள் சோளம் ஊசி ஊசியாக எட்டிப்பார்த்தது. அவித்த விதையும் முளைத்தது. கார்த்திகை பாதியில் சோளம் இடுப்பளவு. அதன் தண்டைப் பிடித்துக்கொண்டு பயற்றங்கொடி மேலே ஏறியது. கொடி படர்ந்த இடத்தில் சரளை சூடாகவில்லை. கையால் தொட்டால் ஈரம் இருந்தது. வேலைக்குப் போகிற வழியில் சுஜின் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கி வந்து பார்த்தான்.

“இது என்டெ பூமிதானா சேச்சி?”

“ஆதாரப் பத்திரத்தை எடுத்துப் பாரு.”

மார்கழி கடைசியில், சோளம் பாதிக்குப் பாதி பூ எடுத்த பிறகு, முதல் வெட்டு. முத்தாரம்மாள் அரிவாளைப் போட்டு இரண்டு கட்டு அறுத்தாள். சோளமும் பயறும் கலந்து ஒரே கட்டு. வீட்டில் வைத்து விரல் நீளத்துக்கு வெட்டி, கிடைத்த வைக்கோலில் நல்ல பாகமாகப் பார்த்து எடுத்து அதையும் வெட்டி, இரண்டையும் பிசறித் தொட்டியில் போட்டாள். அம்மிணி தலையை உள்ளே விட்டது. தொட்டியின் அடியை நக்கிச் சத்தம் வருகிறவரைக்கும் தலையை எடுக்கவில்லை. செவலை தன் பங்கை முடித்துவிட்டு அம்மிணியின் தொட்டிக்குக் கயிறை இழுத்தது.

மூன்றாம் வாரம் அவளிடம் பால் வாங்குகிற முக்கோலைச் சந்திப்புச் சாயாக்கடைக்காரர் புகார் சொல்லி அனுப்பினார். முத்தாரம்மாள் நேரிலேயே போனாள்.

“சேச்சி, பாலில எந்தெங்கிலும் பொடி கலக்குதுண்டோ? சாயா அடிச்சா ஆடை நிக்குது. முன்னே இங்ஙனெ இருந்திட்டில்லல்லோ.”

“இத்தன வருஷம் தண்ணியா இருந்தப்பம் ஒரு வார்த்தை கேட்டியளா? கெட்டியானதும் கேக்கியளே!”

கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அவர் அவளுக்கு ஒரு சாயா போட்டுக் கொடுத்தார். தன் மாட்டுப் பாலில் போட்ட சாயாவை ஒரு கடையில் உட்கார்ந்து அவள் குடித்தது அதுதான் முதல் தடவை.

சிரிப்பு வீட்டில் நிலைக்கவில்லை. கரமனையில் மாடம்மாள் என்று ஒருத்தி, ஆறு மாடு வைத்திருப்பவள், பிச்சைக்கனிக்குப் பெரிய வாடிக்கை. பால் விஷயம் அவள் காதுக்கு எப்படியோ போய், ஒரு நாள் பஸ் ஏறி வந்து, சரிவையும் தொட்டியையும் பார்த்துவிட்டு, வேலிமசால் நெற்று ஒரு மடி கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் பிச்சைக்கனி லாரியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, “அண்ணாச்சி, இனி பாதி போட்டா போரும். பாதிக்கு நான் பச்சை பாத்துக்கிடுதேன்,” என்று சொல்லிவிட்டாள்.

அவர் திரும்பி வந்து லாரிக் கதவை அறைந்து சாத்தினார்.

“கேட்டுக்கோ. நான் இத்தன வருஷமா தெருத்தெருவா பிடிச்ச வாடிக்கைய நீ வீட்ல இருந்தே கலைச்சிட்டே.”

“நான் யாரையும் கூப்பிடல்ல. அவளா வந்தா, பாத்தா.”

“அவளுக்கு வெத பறிச்சுக் குடுத்தது யாரு?”

“கேட்டா குடுக்காம இருக்க முடியுமா? மாடு வச்சிருக்கவ கேக்கா.”

“அப்பம் நான் யாரு? எனக்கு என்ன வச்சிருக்கே?”

இதற்கு அவள் ஏதாவது தன்மையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாள் முழுக்க வெயிலில் நின்ற உடம்பு. “உங்களுக்கு அந்தப் பூஞ்சை வைக்கோல் இருக்கு,” என்றாள்.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. ஒருவரோடொருவர் பேச வேண்டியதை ஸ்ரீப்ரியா வழியாகப் பேசினார்கள்.

“அப்பாட்ட சொல்லு, தண்ணி மோட்டார் சத்தம் சரியில்லன்னு.”

“அப்பா, மோட்டார்.”

“கேட்டாச்சு. காலையில ஆளு வருவான்னு சொல்லு.”

“அம்மா, காலையில ஆளு. என்னால முடியாதும்மா. லாட்ஜிலயும் எட்டு மணிநேரம் இதே வேலதான். அங்க சம்பளமாவது உண்டு.”

தை போயிற்று. மாசி பிறந்தது. ஒரு துளி மழை இல்லை. சுஜின் பூமியில் பள்ளம் வற்றி, அடியில் சிவப்புச் சேறு வெடித்தது. வெட்டின அடியிலிருந்து தழைத்த சோளம் முழங்கால் உயரத்தில் நின்றுபோயிற்று. இலை சுருண்டு, நுனி வாடி, ஆனாலும் பச்சையாகத்தான் இருந்தது. கொழுக்கட்டைப்புல்லும் வேலிமசாலும் வெயிலைச் சட்டை பண்ணவில்லை. முத்தாரம்மாள் தினமும் அதையே அறுத்து வந்தாள். சோளத்தின் பக்கம் போகவில்லை. தண்ணீரில்லாமல் காய்ந்து நிற்கிற இளஞ்சோளத்தில் விஷம் ஏறி மாட்டைக் கிறக்கிவிடும் என்பது அவள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிச்சைக்கனியும் அதே ஊர்க்காரர்தான். ஆனால் பதினெட்டு வயதில் வந்தவர். அதற்கு முன்னாலும் பனங்காட்டு வேலை. சோளத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஒரு நாள் தோன்றியது. ஸ்ரீப்ரியா அப்போது வீட்டில் இல்லை. பிறகு மறந்துபோயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முத்தாரம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ஸ்ரீப்ரியாவுக்கு அன்று விடுமுறை. தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். வைக்கோல் லாரி அச்சு முறிந்து இரண்டு நாளாக அமரவிளையில் நின்றது; வீட்டில் ஒரு பிடி வைக்கோல் இல்லை. பிச்சைக்கனி தொழுவத்துப் பக்கம் நடந்தார். தொட்டி காலி. அம்மிணி அவரைப் பார்த்து, அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தது.

“எந்தாடி? விசக்குன்னோ?” என்று பசியை மலையாளத்தில் விசாரித்தார். மாடு கையை நக்கியது.

அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு சரிவுக்குப் போனார். அங்கே வந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. மனைவி போட்ட வரப்புகள் சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியிருந்தன. ஓரத்து வேலிமசாலில் கை வைக்க மனம் வரவில்லை. அழகாக வேலி மாதிரி நிற்கிறதே, கெடுப்பானேன் என்று நினைத்தார். நடுவில் இளசாக நின்ற சோளம்தான் மாட்டுக்குப் பிடிக்கும் என்று தோன்றியது. ஒரு கட்டு அறுத்தார். அவள் வந்து பார்க்கும்போது மாட்டுக்கு வயிறு நிறைந்திருக்கும், அப்போதாவது ஒரு வார்த்தை பேசுவாள் என்று அவர் நினைத்ததைப் பிற்பாடு அவரே சொன்னார்.

நல்லவேளை, செவலையும் கன்றும் மேய்ச்சலுக்கு ரோட்டோரம் கட்டியிருந்தன. அம்மிணி மட்டும்தான் தின்றது. அதுவும் முழுக்கட்டைத் தின்னவில்லை. கால் மணி நேரத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வாயில் நுரை. பின்னங்கால் நடுங்கி, சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து உட்கார்ந்தது.

முத்தாரம்மாள் அரிசிப் பையோடு படலைத் தாண்டி உள்ளே வரவும் அவர் கூச்சல் கேட்கவும் சரியாக இருந்தது. தொட்டியைப் பார்த்தாள். பையைக் கீழே போட்டாள்.

“யாரு சோளத்தை வெட்டுனா?”

ஒரு மாதத்தில் அவள் அவரிடம் நேராகப் பேசின முதல் பேச்சு அது.

“நான்தான். பசிச்சுக் கத்துச்சு…”

“ஸ்ரீ! டாக்டருக்குப் போன் அடி! சோளக் கிறக்கம்னு சொல்லு!” தொட்டியில் மிச்சம் கிடந்ததை இரண்டு கையாலும் வாரி வெளியே எறிந்தாள்.

ஸ்ரீப்ரியா எண்ணெய்க் கையோடு போனை அழுத்தினாள். ஸ்பீக்கரில் டாக்டர் ரெம்யாவின் குரல் வந்தது.

“நான் பாலராமபுரத்திலாணு. ஊசி கையில் உண்டு, இருபது நிமிஷம். அதுக்குள்ளே ஹைப்போ கொடுக்கணும். கேக்குதா? ஹைப்போ!”

“அது எங்க கிட்டும் டாக்டரே?”

“அலங்கார மீன் கடை! மீன் தொட்டித் தண்ணியில குளோரின் மாத்த இடுமில்லே, வெள்ளக் கல்லு, கல்கண்டு மாதிரி. அது தன்னே. முப்பது கிராம், ஒரு லிட்டர் தண்ணியில கலக்கி, மெல்ல மெல்ல. மூக்கில் ஏறக்கூடாது.”

முக்கோலைச் சந்திப்பில் ஷிபு என்பவனுக்கு அலங்கார மீன் கடை உண்டு. பிச்சைக்கனி செருப்பைத் தேடவில்லை. இறக்கத்தில் ஓடினார். முதுகுக்குப் பெல்ட் போடாமல் குனிந்து நிமிரக் கூடாது என்று சொல்லப்பட்ட மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தச் செம்மண் இறக்கத்தில் ஓடினதைப் பார்த்தவர்கள் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பின்னாலேயே ஓடினார்கள்.

ஷிபு அப்போதுதான் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தான். பிச்சைக்கனி குனிந்து உள்ளே நுழைந்தார்.

“கல்லு! வெள்ளக் கல்லு! மீனுக்குப் போடுத கல்லு!”

“அண்ணாச்சி மீன் வளக்குதா? ஏது மீன்?”

“மீனில்லப்பா, பசு! பசு!”

ஷிபு ஒரு நொடி விழித்தான். பிறகு ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டி, பைக்கையும் கிளப்பினான். அந்தப் பைக்கின் பின்னால் உட்கார்ந்து, பாக்கெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “வேகம் போ, வேகம் போ” என்று அவன் தோளில் அடித்துக்கொண்டே வந்தார்.

முத்தாரம்மாள் மாட்டின் தலையை மடியில் தூக்கி வைத்திருந்தாள். ஸ்ரீப்ரியா சமையல் தராசில் முப்பது கிராம் நிறுத்துக் கலக்கினாள். மருந்து புகட்டுகிற மூங்கில் கொட்டத்தில் ஊற்றி, கடைவாயில் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். பிச்சைக்கனி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “குடிக்கெடி மோளே, குடிக்கெடி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாடு விழுங்கிற்று. நுரையோடு பாதி வெளியே வந்தது; மீதி உள்ளே போயிற்று. டாக்டர் ஸ்கூட்டர் வந்து சேர்ந்தபோது மாட்டுக்கு மூச்சு இருந்தது. கழுத்து நரம்பில் ஊசி ஏறியது. டாக்டர் மண்ணில் மண்டியிட்டு, மாட்டின் கண் இமையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். படலுக்கு வெளியே பத்துப் பதினைந்து பேர் கூடி நின்றார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்து அம்மிணி காதை ஆட்டிற்று. பிறகு ஒரு நீளமான ஏப்பம் விட்டது. டாக்டர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார்.

“மதி. இனி பேடிக்கண்டா, பயம் வேண்டாம்.”

மத்தியானத்துக்கு அது எழுந்து நின்றது. கூட்டம் கலைந்தது. கலையும்போது ஒருவர், “அந்த விஷச் செடியைப் பிடுங்கிக் கள அண்ணாச்சி, நாளைக்கு ஒரு குட்டி தின்னா யாரு பதில் பறயும்?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிச்சைக்கனி தொழுவத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்காலிலும் சரளை கிழித்து ரத்தம் உறைந்திருந்தது. முத்தாரம்மாள் ஒரு வாளியில் மஞ்சள் கலந்த தண்ணீரைக் கொண்டுவந்து அவர் காலைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

“நான் கொன்னுருப்பேன்ட்டி அத,” என்றார்.

“நான் சொல்லல்லியே உங்ககிட்ட. சொல்லணும்னு நினைச்சேன். வீம்பு. நானும்தான் கொன்னுருப்பேன்.”

“பிடுங்கிப் போட்டுருவோமா?”

“எதுக்கு? அருவாமணை கையை வெட்டுச்சுன்னு பல்லால கடிச்சா மீன் நறுக்குதோம்? சோளம் பூ எடுத்தா ஒண்ணும் செய்யாது. பூ எடுக்க மழை இல்ல, அதான் சங்கதி. கோடைக்குச் சோளம் வேண்டாம். கம்பு போடுவோம். கம்புக்கு இந்தக் கிறக்கம் கிடையாது.”

“கம்போட பயறு?”

“கம்போட பயறு.”

அவர் வாளிக்குள் கால் விரலை அசைத்தார். “ஏட்டி, ஒண்ணு கேக்கேன். இத வெட்டி வைக்கோலோட பெசறித்தான போடுத? அதுக்கு நல்ல வைக்கோல் வேணும்லா?”

“அதத்தான நான் நாலு மாசமா சொல்லுதேன்.”

“நீ எங்க சொன்ன? பூஞ்சைன்னுதான் சொன்ன.”

“பூஞ்சையத்தான் பூஞ்சைன்னேன்.”

அறைக்குள்ளிருந்து ஸ்ரீப்ரியா குரல் கொடுத்தாள். “ரெண்டு பேரும் நேரா பேசுதிய. அப்பம் என்னை வேலைய விட்டு எடுத்தாச்சா? தலைய கழுவட்டுமா?”

பங்குனி நடுவில் இரண்டு கோடைமழை பெய்தது. இந்தத் தடவை வரப்பைப் பிச்சைக்கனியும் சேர்ந்து போட்டார். குனிய முடியாததால் உட்கார்ந்தே நகர்ந்து விதை போட்டார். அவர் போட்ட வரி பாம்பு மாதிரி வளைந்து முளைத்தது. வளைந்தாலும் முளைத்தது. முழங்கால் உயரச் சோளத்தை வேரோடு பிடுங்கி மாடு எட்டாத இடத்தில் எருக்குழிக்குள் போட்டு மூடினார்கள். வைக்கோலுக்கு அவர் பூதப்பாண்டியில் ஒரு விவசாயியிடம் முன்கூட்டியே சொல்லி, மழைக்கு முன்னால் வாரின வைக்கோல் மட்டும் எடுத்தார். ஷிபு கடையிலிருந்து ஒரு பாக்கெட் வெள்ளைக்கல் வாங்கித் தொழுவத்து மாடத்தில் வைத்தார்.

சித்திரை பிறந்த மறுநாள் டாக்டர் ரெம்யா செவலையைப் பார்க்க வந்தார். பச்சை தின்று உடம்பு தேறிய பிறகு மாசித் தொடக்கத்தில் போட்ட நான்காம் ஊசி. கையுறையோடு கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ தூரத்துச் சத்தத்தைக் கேட்கிற மாதிரி நின்றார். பிச்சைக்கனியும் முத்தாரம்மாளும் வாலை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள்.

“உண்டு,” என்றார் டாக்டர்.

“என்ன உண்டு?”

“குட்டி உண்டு சேச்சி! இனி எந்து வேணும்?”

முத்தாரம்மாள் வாலை விட்டுவிட்டாள். வால் டாக்டர் முகத்தில் சாணியோடு ஒரு வீசு வீசிற்று. அதைத் துடைத்துக்கொண்டு டாக்டர்தான் முதலில் சிரித்தார்.

வைகாசி நடுவில் பிடிக்கிற இடவப்பாதி மழைக்கு முந்தின வாரம் மாடம்மாள் கரமனையிலிருந்து போன் செய்தாள். அங்கே நான்கைந்து வீட்டுப் பெண்கள் கூடியிருக்கிறார்கள். ஆற்றோரத்திலும் வீட்டு ஓரத்திலும் கிடக்கிற கையகலம் மண்ணில் என்ன போடலாம், எப்போது வெட்டலாம் என்று கேட்கிறார்கள். அக்கா ஒரு தடவை வந்து சொல்லிவிட்டுப் போகணும்.

“நான் என்னத்தச் சொல்ல?” என்று முத்தாரம்மாள் மழுப்பினாள். “நீங்க எப்படியும் லோடோட போறிய. நீங்களே சொல்லிருங்க.”

“எனக்கு நுனிப்புல்லுதான் தெரியும். நான் சொன்னா ஒரு மாடாவது விழும். நீ வா.”

பதினோரு வருஷமாக அந்த லாரி வீட்டு முன்னால் நின்றிருக்கிறது. முத்தாரம்மாள் அதில் எருக் கூடை ஏற்றியிருக்கிறாள், வைக்கோல் இறக்கியிருக்கிறாள். முன் சீட்டில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. பிச்சைக்கனி சீட்டில் கிடந்த கயிறு, ரசீதுப் புத்தகம், பழைய சாயாக் கிளாஸ் எல்லாவற்றையும் எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு, துண்டால் இரண்டு தடவை தட்டினார். அவள் விதைப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. அவர் சுற்றி வந்து வெளியிலிருந்து அழுத்திச் சாத்தினார்.

வண்டி இறக்கத்தில் இறங்கியது. வலதுபக்கம் சுஜின் பூமியில் கம்பு கதிர் விட்டு நின்றது.

“கரமனை முடிச்சிட்டு, மணக்காட்டுல ஒரு ஏழு வீடு இருக்கு,” என்றார் பிச்சைக்கனி ரோட்டைப் பார்த்துக்கொண்டே. “அங்கயும் கேட்டாங்க. நாளைக்கும் வாறியா?”

முத்தாரம்மாள் கண்ணாடியை இறக்க முயன்றாள். அது பாதியில் நின்றுவிட்டது.

“மொதல்ல இந்தக் கண்ணாடியச் சரி பண்ணுங்க. பொறவு வாறேன்,” என்றாள்.